ரப்பர்காரரின் நானூற்றுப் பன்னிரண்டு கொலைகள்

வாடகை நூலகம் நடத்திவந்த ரப்பர்காரர் இறந்த ஒன்பதாம் நாள், அந்த நூலகத்தில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு துப்பறியும் நாவல்களிலும் அவரே பிணமாகக் கிடந்தார். இதை முதலில் கண்டவர் பல் மருத்துவர். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இருபது நிமிடத்தில், ஏற்கெனவே மூன்று முறை படித்த ஒரு நாவலை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தவர் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். மலைப் பங்களாவின் வாசிப்பறையில், கம்பளத்தின் மேல், பட்டு அங்கி அணிந்த சீமான் குத்துப்பட்டுக் கிடக்க வேண்டிய இடத்தில், அரைக்கைச் சட்டையும் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடியும் சட்டைப்பையில் தேய்ந்துபோன அழிரப்பருமாக நூலகக்காரர் கிடந்தார். கத்தி அதே கத்தி. உயில் மாறவில்லை, சொத்துக்குக் காத்திருந்த ஏழு உறவினர்கள் மாறவில்லை, கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசப்போகிற துப்பறிவாளரின் மூக்குப்பொடி டப்பாகூட மாறவில்லை. மருத்துவர் கையோடு இன்னும் ஐந்து நாவல்களைப் புரட்டினார். ஒன்றில் அவர் குளியல் தொட்டியில் கிடந்தார், ஒன்றில் கப்பலின் சரக்கறையில், ஒன்றில் நீதிபதியின் நாற்காலியிலேயே சாய்ந்து. எல்லாவற்றிலும் அதே சட்டை. அடுத்த நோயாளிக்கு அன்று அவர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுக்கிறார், நோயாளி மறுக்கவில்லை.

ரப்பர்காரர் முப்பத்தொரு வருஷம் அந்த நூலகத்தை நடத்தினார். முப்பத்தொரு வருஷமும் அவருக்கு ஒரே எதிரி பென்சில். அந்த ஊர் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. துப்பறியும் நாவலை முடித்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போய், கொலைகாரன் முதன்முதலாகத் தலைகாட்டும் வரிக்குப் பக்கத்தில் 'இவன்தான்' என்று எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. இருநூறு பக்கம் பாடுபட்டுத் தாங்கள் அடைந்த ஞானம் தங்களோடு போய்விடக் கூடாது என்ற பொதுநலம்தான். நூலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று பதினோரு மணிக்கு அவர் உள்ளே தாழிட்டுக்கொண்டு, அந்த வாரம் திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, 'இவன்தான்', 'இவளேதான்', 'டாக்டரை நம்பாதே' எல்லாவற்றையும் ரப்பரால் அழிப்பார். பேனாவால் எழுதியிருந்தால் பிளேடால் சுரண்டுவார். ஒரு கால் குட்டையான மேசை அவர் தேய்க்கத் தேய்க்க டக் டக்கென்று ஆடும். தெருவில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அன்றைய கிழமையை நினைவுபடுத்திக்கொள்வார்கள். கடைசியில் தெரிய வேண்டியது கடைசியில்தான் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வேறு கொள்கை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தகவல் இல்லை.

அவர் இறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். பகல் ஒரு மணிக்கு, சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த தெருத் தச்சர் வந்து கீலைக் கழற்றித்தான் உள்ளே போக முடிந்தது. மேல் தட்டுப் புத்தகங்களை எடுப்பதற்கான மர ஏணியின் அடியில், மேசை விளிம்பில் பின்மண்டை மோதி, கையில் ரப்பரோடு கிடந்தார். ஏணியின் மூன்றாவது படி இரண்டாக முறிந்திருந்தது. காவல் ஆய்வாளர் வந்தார், ஏணியைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'படி முறிந்து தவறி விழுந்து' என்று அரைப் பக்கத்தில் அறிக்கையை முடித்துவிட்டார். அந்த அரைப் பக்கத்திலும் பாதி அவருடைய கையெழுத்தும் பதவியும்.

ரப்பர்காரரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஊருக்கு அவர் ஊசிக்காரம்மா. பத்தொன்பது வருஷத்தில் ஒரு குழாயில்கூடப் பெயர் மாற்றி ஒட்டியதில்லை. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் ஆறு மாதமாக மறந்துகொண்டிருந்தார். "மூணாவது படி கடகடங்குது. போற வழியில தச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்று கணவர் ஒவ்வொரு செவ்வாயும் சொல்வார். அவரே போய்ச் சொல்ல மாட்டார். கடையை விட்டு எழுந்தால் யாராவது நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவார்கள் என்று பயம். தச்சர் பட்டறை பரிசோதனை நிலையத்துக்கு இரண்டு கதவு தள்ளித்தான். "நாளைக்குச் சொல்லிடறேங்க" என்பார் அந்த அம்மாள். இப்படி இருபத்தாறு நாளைக்குகள் போயின. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டார். அவரை யாராவது கொன்றிருந்தால் கொன்றவன் ஒருவன் இருப்பான். யாரும் கொல்லவில்லை என்றால் கொன்றது மூன்றாவது படி. மூன்றாவது படி என்றால் அது யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். ஒன்பது நாளாக அவர் தண்ணீரைத் தவிர எதையும் விழுங்கவில்லை. அதனால் பல் மருத்துவர் ஐந்து புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, "அம்மா, சாரை யாரோ கொலை பண்ணியிருக்காங்கம்மா" என்று மூச்சிரைத்தபோது, அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மருத்துவர் அதைத் துக்கத்தின் ஒரு வகை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வகை நாவல்களை ஊசிக்காரம்மா அதுவரை தொட்டதில்லை. இப்போது தொட்டார், தொட்ட பிறகு, ஊரே ஏன் அவற்றுக்கு அடிமையாகிக் கிடந்தது என்பது விளங்கிவிட்டது. அந்தப் புத்தகங்களுக்குள் யாரும் ஏணியிலிருந்து விழுந்து சாவதில்லை. விழுந்தால் தள்ளினவன் இருப்பான். சும்மா வந்த காய்ச்சலில் யாரும் போவதில்லை. போனால் பாலில் ஏதோ கலந்திருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஆள் பொறுப்பு, அந்த ஆள் அதே வீட்டுக்குள்தான் இருக்கிறான், மழை பெய்து பாலம் உடைந்து வெளியே போக வழியில்லாமல் இருக்கிறான். இருநூறாம் பக்கத்துக்குள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடுவார்கள். மற்ற எல்லோரும், சந்தேகத்தால் பாதி செத்தவர்கள், 'நாம் இல்லை' என்று நிம்மதியாக எழுந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். ஊசிக்காரம்மாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த மற்ற எல்லோரில் ஒருவராக இருப்பதுதான். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று என்று படித்தார். பிணம் கிடக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஆரம்பித்து, கடைசிப் பக்கம்வரை வந்து, குற்றவாளியின் பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். நாற்பது பெயர்கள் சேர்ந்ததும் நோட்டையும் ஒரு பை நிறையப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போனார்.

"சொல்லுங்கம்மா, இதுல யாரு?" என்றார் ஆய்வாளர், மேலே இருந்த புத்தகத்தை விரல் நுனியால் தூக்கி.

"இதுல அவரோட தம்பி மகன், சார். உயில் விஷயமா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி உண்டா?"

"இல்ல சார்."

"சரி. இதுல?"

"நர்ஸ்."

"இது?"

"செத்துப்போயிட்டதா எல்லாரும் நெனச்சிட்டிருந்த மொதப் பொண்டாட்டி."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "ஏம்மா, ஒரு ஆளை எத்தனை பேரும்மா கொல்லுவாங்க? நாப்பது பேர் மேல நான் எப்படி வழக்குப் போடறது?"

"நாப்பது பேரும் வேணாம் சார். ஒருத்தர் போதும்."

சட்டம், ஒழுங்கு, பகுத்தறிவு ஆகியவற்றைப் பற்றி ஆய்வாளர் கால் மணி நேரம் பேசினார். பிறகு, அந்த அம்மாளின் திருப்திக்காக, ஒரே ஒரு புத்தகத்தைச் சான்றுப் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு காவலர் வந்து, விசாரணை தீவிரமடைந்திருப்பதால் இன்னும் இரண்டு சான்றுப் பொருள்கள் வேண்டும், முடிந்தால் விஷம் வைத்ததாக இருக்கட்டும் என்று ஐயா சொன்னதாகச் சொன்னார். அந்த வருஷம் காவல் நிலையத்தில் சைக்கிள் தொலைந்தது என்று போனவர்களிடம்கூட உயில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. தெரிந்த ஆள் சாவதைப் படிப்பதில் ஒரு தனி ருசி இருப்பதை ஊர் கண்டுகொண்டது. அதுவரை துப்பறியும் நாவல் பக்கமே வராதவர்கள் வரிசையில் நின்றார்கள். "நேத்து நான் படிச்சதுல மாடியிலேர்ந்து தள்ளிட்டாங்க. உங்களுக்கு?" "எனக்கு வெறும் தலைகாணிங்க." ஊசிக்காரம்மா கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தார், திரும்பி வந்ததும் அவரே படிப்பார் என்பதால். ஒரு மூத்த குமாஸ்தா அவரிடமே, உள்ளன்போடு, "அம்மா, சார் நல்லாச் செத்திருக்கிறதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று கேட்டார். அவரும் பார்த்துக் கொடுத்தார்.

இதற்குள் பல் மருத்துவர் தன் வாழ்நாளின் வாய்ப்பு வந்துவிட்டதாக முடிவுகட்டியிருந்தார். உள்ளே தாழிட்ட அறை ஒன்றுக்காகவே அவர் பிறந்து, பல் மருத்துவம் படித்து, ஐம்பத்திரண்டு வயதுவரை காத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, நாவலின் கடைசி அத்தியாயத்தில் செய்வதுபோலவே, சம்பந்தப்பட்டவர்கள் என்று அவர் கருதிய பதினோரு பேரை நூலகத்துக்கு வரவழைத்தார். "நண்பர்களே, கொலையாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறார்" என்று ஆரம்பித்தார். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமிருந்தும் நகர்ந்து உட்காரப் பார்த்து, முடியாமல், அப்படியே உட்கார்ந்தார்கள். இரண்டேகால் மணி நேரம் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து, இடையில் மூன்று முறை தண்ணீர் குடித்து, கடைசியில் மருத்துவர் சுட்டுவிரலை நீட்டியது இலக்கிய மன்றத் தலைவரை நோக்கி. துப்பறியும் நாவல் என்பது சமுதாயத்தின் பற்சொத்தை என்று ஆண்டுதோறும் ஆண்டு விழாவில் முழங்குகிறவர் அவர். அப்படிப்பட்டவர் முப்பத்தொரு வருஷமாக வாரம் இரண்டு துப்பறியும் நாவல்களை, தத்துவ நூல் ஒன்றின் அட்டையைப் போட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார், அது ரப்பர்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றார் மருத்துவர். உள்தாழ்ப்பாள் எப்படி என்றால், மீன்பிடி நூலும் ஒரு பனிக்கட்டியும்.

தலைவர் எழுந்தார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். "ஆமா" என்றார். "படிச்சேன். அட்டையை மாத்தித்தான் படிச்சேன். ஆனா கொல்லலை. அந்தச் செவ்வாக்கிழமை பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் என் வீட்டுக் குளியலறையில ஒக்காந்து நீலமாளிகை மர்மம்தான் படிச்சிட்டிருந்தேன். நூத்தி நாப்பதாம் பக்கம் பாருங்க, என் பல்பொடி சிந்தியிருக்கும்."

பார்த்தார்கள். சிந்தியிருந்தது. பல் மருத்துவர் அது எந்தப் பல்பொடி என்பதைக்கூட உறுதிசெய்தார். சமுதாயத்தின் பற்சொத்தையிலிருந்து விடுபட்ட தலைவர் குழந்தைபோல் அழுதார். கூட்டம் பாதிப் படத்தில் மின்சாரம் போன மாதிரி முனகிக்கொண்டே கலைந்தது. ஊசிக்காரம்மா மட்டும் தலைவர் பின்னாலேயே தெருமுனைவரை ஓடி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தக்குழாய் தேடிப் பழகிய பிடி, உதற முடியாது.

"ஐயா, நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எழுதிக் குடுக்க வேணாம். என் காதுல மட்டும் சொல்லிடுங்க."

தலைவர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பேச்சைத் தொடங்கும் முன் யோசித்தார். "சொல்லிடலாம்னுதாம்மா தோணுது, உங்களைப் பாத்தா" என்றார். "ஆனா நம்ப மாட்டீங்க. அதுக்கெல்லாம் தைரியம் வேணும்மா. நான் புஸ்தகத்துக்கே அட்டை போட்டவன்."

அன்றோடு உயிருள்ள மனிதர்களிடம் அந்த அம்மாளுக்கு இருந்த நம்பிக்கை போயிற்று. மறுபடி புத்தகங்களுக்குள் போனார். இருநூற்று எழுபதாவது நாவலிலோ என்னவோ, பிணம் கிடக்கும் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது பத்தாம் பக்கத்தில் கை தடுக்கி நின்றது. அங்கே அவர் கணவர் உயிரோடு இருந்தார். மழையில் நனைந்த குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, பங்களாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சூப்பில் உப்பு போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முணுமுணுப்பு அவருடையதேதான். பிணத்திலிருந்தே படிக்க ஆரம்பித்த அவசரத்தில், எல்லாப் புத்தகத்திலும் கொலை நடக்கும்வரை அவர் நடமாடிக்கொண்டிருக்கிறார் என்பதை இத்தனை மாதமாகப் பார்க்காமல் விட்டிருந்தார். சிலவற்றில் பதினாறு பக்கம், சிலவற்றில் முப்பது, ஒன்றே ஒன்றில் எழுபத்திரண்டு. மாடி ஏறினார், கண்ணாடியைத் தேடினார், தூங்கினார், யாரோ நீட்டிய பாலை நன்றி சொல்லி வாங்கினார்.

ஊசிக்காரம்மா, நர்ஸ் என்று நோட்டில் ஏற்கெனவே குறித்திருந்த ஒரு நாவலைப் பிரித்து, கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, அவர் பாலை வாங்கும் பக்கத்தின் ஓரத்தில், 'என்னங்க, அந்தப் பாலைக் குடிக்காதீங்க, நர்ஸ் விஷம் வச்சிருக்கா' என்று எழுதினார். அது திங்கட்கிழமை. மறுநாள் பதினோரு மணிக்கு, நூலகத்தில் யாருமில்லாதபோது, கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு மேசை டக் டக்கென்று ஆடுவது கேட்டது. ஒரு மணிக்குத் தாழ்ப்பாள் விலகியது. உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். ஓரம் சுத்தமாக இருந்தது. நடுமடிப்பில் ரப்பர்த் துகள் கிடந்தது. அவர் பாலைக் குடித்து, பக்கம் பத்தொன்பதில் இறந்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததை ஊரில் ஒரு குடும்பச் சண்டையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார்: 'மாடிக்குப் போகாதீங்க', 'தோட்டக்காரனுக்கு முதுகு காட்டாதீங்க', 'அந்த அறையில ஏணி இருந்தா ஏறாதீங்க'. அவர் அழித்துக்கொண்டே இருந்தார். பேனாவால் எழுதினால் பிளேடால் சுரண்டினார். ஒரு புத்தகத்தில் அவர் சாகும் தாளையே அந்த அம்மாள் வெட்டி எடுத்துவிட்டார். இரண்டு பக்கம் தள்ளிச் செத்தார். "உயிர் போற விஷயங்க, இதுலயுமா உங்க கொள்கை?" என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டார். மேசை ஆடுவது ஒரு கணம் நின்றது. பிறகு ஆடியது. முடிவை முன்கூட்டித் தெரிந்துகொள்வதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற மனிதரோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருப்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஏழு மாதத்தில் அவர் பதினொரு கிலோ இளைத்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருடைய ரத்தத்தையே எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை காலையில், முறிந்த ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தச்சர் பட்டறைக்குப் போனார். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் இரண்டு முறை இறக்கி வைத்தார். தச்சர் ஏணியைத் திருப்பிப் பார்த்தார். பழைய படியைத் தட்டி எடுத்தார், வேறு கட்டையை அளந்து அறுத்தார், இழைத்தார், பொருத்தினார். வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு நிமிஷ வேலைங்க. தெனம் இந்தப் பக்கமாத்தானே போறீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து மாட்டிட்டுப் போயிருப்பேன்."

அவர் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. ஊசிக்காரம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். அதைச் சுவரில் சாய்த்தார். அலமாரியிலிருந்து கைக்கு வந்த முதல் நாவலை எடுத்தார், முதல் பக்கத்தைப் பிரித்தார், குடையை மடக்கிக்கொண்டு கணவர் உள்ளே வரும் வரிக்குப் பக்கத்தில், அந்த ஊர் வழக்கப்படி, எழுதினார்: 'கொன்னது உங்க பொண்டாட்டிதான். மூணாவது படி. தச்சர்கிட்ட நான் சொல்லவே இல்லை.' எழுதி முடித்தபோது பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார். அந்தப் புதன்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமைவரை நூலகத்தைத் திறக்கவில்லை. காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பிச் சான்றுப் பொருள்களை எல்லாம் திரும்ப வரவழைத்தார். ஆய்வாளர் ஒன்றை மட்டும் இன்னும் பதினாறு பக்கம் பாக்கி என்று தாமதமாகக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு புத்தகத்திலும் அதே மூன்று வரி. எதுவும் மாறக் கூடாது என்று கவனமாக எழுதினார், குழாயில் பெயர் ஒட்டுகிறவர் கை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கதவு தாழிட்டுக்கொண்டது. வாசற்படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் சத்தமே இல்லை. பக்கம் திரும்பும் ஓசைகூட இல்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த அம்மாள் நினைத்தார். அவர் மெதுவாகப் படிக்கிறவர். பன்னிரண்டரைக்கு மேசை ஆடத் தொடங்கியது. ஒரு மணிக்கு நிற்கவில்லை. மாலை ஐந்துக்கும் நிற்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக அது புதன்கிழமையும் ஆடியது, வியாழக்கிழமையும் ஆடியது. தெருவில் போகிறவர்கள் கிழமை குழம்பி, இரண்டு பேர் தவறான நாளில் பல் பிடுங்கிக்கொள்ளப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலை தாழ்ப்பாள் விலகியது. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் அலமாரியில் அதனதன் இடத்தில் இருந்தன, மேல் தட்டு உட்பட. ஒன்றில்கூட அந்த மூன்று வரி இல்லை. பென்சில் அழுந்திய பள்ளம்கூட இல்லாமல் நீவி விட்டிருந்தது. மேசை மேல் ஒரு கைப்பிடி ரப்பர்த் துகள் குவித்து வைக்கப்பட்டிருந்தது.

கொலையாளியின் பெயரைக் கண்டால் அழிப்பது அவருடைய தொழில். அதனால் அழித்தாரா, வேறு எதனாலாவது அழித்தாரா என்பதைப் பற்றி ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. பல் மருத்துவர் முதல் கட்சி, இலக்கிய மன்றத் தலைவர் இரண்டாவது. ஊசிக்காரம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அன்று அவர் துகளைக் கையில் அள்ளிப் பார்த்தார், ஏணியில் ஏறி மூன்றாவது படியில் நின்று பார்த்தார், இறங்கினார், வீட்டுக்குப் போய் எட்டு மாதத்தில் முதன்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார். சூப்பில் உப்பு போதவில்லை.

இப்போது அவர் காலையில் ரத்தம் எடுக்கிறார், மாலையில் நூலகத்தைத் திறக்கிறார். துப்பறியும் நாவல்களில் ரப்பர்காரர் வழக்கம்போல் கொல்லப்படுகிறார். வாசகர்கள் வழக்கம்போல் 'இவன்தான்' எழுதித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஊசிக்காரம்மா அவர் சாகும் பக்கம்வரைதான் படிப்பார், அதற்கு முந்திய பக்கத்தில் மூடிவிடுவார். ரப்பர் தேய்ந்து தீர்ந்திருந்தால், திங்கட்கிழமை சாயங்காலம் மேசை மேல் ஒரு புது ரப்பர் வைத்துவிட்டுப் பூட்டுகிறார். அது சாதாரணமாக மூன்று செவ்வாய் வரும். விடுமுறைக் காலத்தில், படிப்பவர்கள் அதிகம் என்பதால், இரண்டு.